மூத்தாள் சொன்ன சாட்சி

காவேரி: அந்தப் பக்கமாப் போயி நில்லு. எங்கூட நின்னா உன் கொழுந்தன் ராஜப்பன் கோவிச்சுக்குவான்.

ராமக்காள்: ஜில்லா பிரிச்சப்ப தர்மபுரி பஸ் ஸ்டாண்ட உன் பேருக்கா எழுதி வெச்சாங்க? நெழலு இங்கதான் இருக்குது.

காவேரி: ராஜப்பன் எடுத்துக் குடுத்த சேலைக்கு நெழலு எதுக்கு? வெயில்ல நின்னா இன்னும் மினுக்கும்.

ராமக்காள்: நல்லாருக்குதில்ல? பொய்ச் சாட்சி சொல்றதுக்குன்னு பாப்பாரப்பட்டி சந்தைல எடுத்தான். நான் நெசத்தச் சொல்லிட்டேன்... அதுக்காக சேல பொய்யாயிருமா?

காவேரி: திருப்பிக் குடுத்துரு.

ராமக்காள்: பஸ் ஸ்டாண்டுலயா?

காவேரி: எங்கூடச் சண்ட போட்டுட்டுப் போயி ஒரு வருசமா அவன் வூட்ல தின்ன. இன்னிக்கு அவன் பக்கச் சாட்சியா வந்த. கூண்டுல ஏறினதும் என்ன ஆச்சு உனக்கு?

ராமக்காள்: "நீ யாரு"ன்னு கேட்டாங்க. "செத்துப்போன பச்சியப்பனோட மூத்த பொண்டாட்டி"ன்னேன். "அந்தம்மா யாரு"ன்னு உன்னக் காட்டினாங்க. "எனக்குப் புள்ள இல்லன்னு நானே பொண்ணு பாத்து அந்த மனுசனுக்குக் கட்டி வெச்ச எளையவ"ன்னேன். ராஜப்பனோட வக்கீலு மொகம் போன போக்கப் பாத்தியா...

காவேரி: பாத்தேன், பாத்தேன்.

ராமக்காள்: "அவ பொண்டாட்டியே இல்ல, சும்மா வந்து ஒட்டிக்கிட்டவ"ன்னு சொல்லணுமாம். வூடு தேடி வந்து பாடம் நடத்தினாரு.

காவேரி: நீ என்னைத் திட்டறப்ப அதவிட மோசமாச் சொல்லிருக்கற.

ராமக்காள்: நான் திட்டுவேன். அதுக்கு அவன் வக்கீலு எதுக்குடி?

காவேரி: மூத்தவ உசுரோட இருக்கறப்பக் கட்டின ரெண்டாவது கல்யாணம் செல்லாதாம். நீ ஏறினா அவ்வளவுதான், எம் பொண்ணு நஞ்சம்மாளுக்குச் சித்தப்பன்தான் கார்டியன்னு நெனச்சேன்.

ராமக்காள்: ஜட்ஜய்யா என்னமோ சொன்னாரே. எனக்கு ஒண்ணும் வெளங்கல.

காவேரி: கல்யாணம் செல்லும்னா, அப்பன் போனப்பறம் அம்மாதான் கார்டியன். செல்லாதுன்னாலும் அம்மாதான் கார்டியன். இப்ப இருக்கற சட்டம் அப்பிடியாம்.

ராமக்காள்: அடப்பாவி. அப்ப நான் ஏறினதே வீணா?

காவேரி: வீணு இல்ல... கடைசியா ஒண்ணு சொன்னியே.

ராமக்காள்: என்னது?

காவேரி: தெரியாத மாதிரிக் கேக்காத. அவன் மச்சான் விசயம்.

ராமக்காள்: ஓ, அதுவா. பன்னெண்டு வயசுப் புள்ளய அந்த முப்பது வயசுத் தடியனுக்குக் கட்டி வெச்சிட்டா, அப்பன் அவ பேருக்கு எழுதின கெணத்துத் தோட்டம் கைக்குள்ளயே இருக்கும்னு பேசிட்டிருந்தான். நான் அங்கதான் களி கிண்டிட்டிருந்தேன். களி கிண்டற பொம்பளைக்குக் காது கேக்காதுன்னு நெனப்பு போல.

காவேரி: அதச் சொன்னப்பத்தான் ஜட்ஜய்யா பேனாவக் கீழ வெச்சிட்டு நிமிந்தாரு.

ராமக்காள்: ராஜப்பன் எந்திரிச்சு, "அவளுக்குப் புத்தி சரியில்லைங்க"ன்னான்.

காவேரி: "அப்பறம் எதுக்கப்பா சாட்சிக்குக் கூட்டியாந்த"ன்னாரு பாரு அவரு...

ராமக்காள்: கோர்ட்டே சிரிச்சுது. நான் மட்டும் பல்லக் கடிச்சிட்டு நின்னேன்.

காவேரி: இனி புள்ள எங்கிட்டத்தான். கோர்ட்டக் கேக்காம எவனும் அவளுக்குக் கல்யாணம் பேசக் கூடாது. தோட்டத்துல கை வெக்கக் கூடாது. நான் விக்கறதா இருந்தாலும் கோர்ட்டத்தான் கேக்கணும்.

ராமக்காள்: உன்னையும் நம்பலயா? நல்ல ஜட்ஜு.

காவேரி: அந்தக் கல்யாணப் பேச்சு அத்தனையும் தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ.

ராமக்காள்: சொன்னா அன்னிக்கே அருவாளத் தூக்கிட்டு வந்து நின்னிருப்ப. அவன் உசாராயி, புள்ளய வத்தல்மலைக்குத் தூக்கிட்டுப் போயித் தாலியக் கட்டி வெச்சிருப்பான். ஜட்ஜய்யா முன்னால வெச்சே சொல்லிக்கலாம்னு வாய மூடிட்டிருந்தேன்.

காவேரி: நான் உன்ன ஊரு பூராத் திட்டிட்டுத் திரிஞ்சேன்.

ராமக்காள்: எல்லாம் கேட்டுச்சு. சிலது நல்லாவும் இருந்துச்சு.

காவேரி: அக்கா...

ராமக்காள்: அப்பாடா. இன்னும் அந்த வார்த்த மறக்கலயா?

காவேரி: நீ ஏறறதுக்கு முன்னால ஜட்ஜய்யா என்னக் கேட்டாரு. "உனக்கு ஒண்ணு ஆயிட்டா புள்ளய யாரும்மா பாத்துக்குவாங்க"ன்னு.

ராமக்காள்: உங்கண்ணன் பேரச் சொல்லிருப்ப.

காவேரி: அவன் காலைலயே குடிக்கறவன். உம் பேரத்தான் சொன்னேன். நம்ம வக்கீலு தலைல அடிச்சுக்கிட்டாரு. "அவ எதிராளியோட சாட்சிம்மா"ன்னு.

ராமக்காள்: எம் பேரயா சொன்ன...

காவேரி: அழுவாதக்கா. அங்க டீக்கடைலருந்து ராஜப்பன் மொறைக்கறான். நீ அழுதா சந்தோசப்படுவான்.

ராமக்காள்: யாரு அழுவறா? பஸ்ஸு கெளப்பின புழுதி.

காவேரி: பஸ்ஸே இன்னும் வரல.

ராமக்காள்: ...பின்ன அதோ வருது பாரு. பாப்பாரப்பட்டி வண்டிதான?

காவேரி: அதேதான். அக்கா, இனி அவன் வூட்டுல கால் வெக்க முடியாது உன்னால. நம்ம வூட்டுக்கு வந்துரு. உன் சாமானத்த நாளைக்கு ஆளு விட்டு எடுத்துக்கலாம்.

ராமக்காள்: அங்க எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லடி. காலைல அவன் வக்கீலப் பாக்க மொத பஸ்ஸுக்குப் போனான். நீயும் கெளம்பிட்ட. பெட்டி படுக்கையெல்லாம் உன் வூட்ல எறக்கிட்டு, நஞ்சம்மாளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுத்தான் நான் சாட்சி சொல்லவே வந்தேன். ஏறு, போயி எடத்தப் புடி.