முன்தண்டின் கனம்

ஐயா,

விபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கை கிடைத்தது. நல்ல அறிக்கை. ஒரே ஒரு வரி மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

அன்று மதியம் மேசையில் நால்வர் இருந்தோம். என் தங்கை கணவர், காலஞ்சென்ற எங்கள் அப்பாவின் நாற்காலியில். தங்கை அவருக்கு இடப்பக்கம். படகு வாங்க வந்தவர் சன்னலோரம். நான் கதவுக்குப் பக்கத்தில். யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போக வசதியான இடம்.

டிரெய்லரில் படகை ஏற்றிக் கட்டுவது என் வேலை. காரோடு கோக்கும் முன்தண்டு எப்போதும் கொஞ்சம் கனக்க வேண்டும். அந்தக் கனம்தான் வண்டியை நேராக வைத்திருக்கும். கனம் பின்னால் போய்விட்டால், வேகம் எடுத்ததும் வால் ஆடும். பிரேக்கை மிதித்தால் இன்னும் ஆடும். அதற்குப் பிறகு கார் படகை இழுப்பதில்லை, படகுதான் காரை இழுத்துப் போகும்.

மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அப்பாவின் படகுப் பட்டறை அவர் கைக்கு வந்த நாள் முதல் அவருக்கு ஒரு வேடிக்கைதான் தெரியும். அன்றும் வந்தவரிடம் சொன்னார்: “நம்ம மச்சான் கட்டுற வண்டியத் தூக்க யானையத்தான் கூட்டிட்டு வரணும்.” தங்கை சிரித்தாள். எப்போதும் சிரிப்பாள். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணை ஒருமுறை அதே மேசைக்கு அழைத்திருந்தேன். அன்றும் சொன்னார். அவளும் சிரித்தாள். பிறகு அவள் வரவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை, ஐயா. நினைவு மட்டும் இருக்கிறது.

சாப்பிட்டதும் வாங்கியவர் தன் வண்டியில் முன்னால் போய்விட்டார். படகை மாப்பிள்ளை தன் காரில் இழுத்துப் போய் ஒப்படைப்பதாக ஏற்பாடு. நான் படகின் மூக்கு முட்டி நிற்கும் கட்டையைக் கழற்றி, ஒரு முழம் பின்னால் தள்ளி முடுக்கினேன். நங்கூரத்தையும் பெட்ரோல் கேன்களையும் மோட்டார் பக்கம் வைத்தேன். கயிறுகளை வழக்கம்போல இறுக்கிக் கட்டினேன். முடிச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை வந்து முன்தண்டைத் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஒரே விரல்ல தூக்குறேன், பாத்தியா மச்சான்? இப்பத்தான் உனக்கு வேலை பிடிபட்டிருக்கு.”

“ஆமா மாப்பிள்ளை, லேசாத்தான் இருக்கு,” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

தங்கை அவரோடு போவதாக இருக்கவில்லை. கடைசி நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது. மதியம் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. காரின் கதவைத் திறந்துவிட்டேன். “பெல்ட்டப் போட்டுக்கம்மா,” என்று மட்டும் சொன்னேன். அவள் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான். ஒரு அண்ணன் செய்ய வேண்டியதை நான் செய்யாமல் விடவில்லை.

பாலத்துக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் வால் ஆடியிருக்கிறது. நான் கணக்கிட்ட இடமும் அதுதான்.

இப்போது மேசையில் இரண்டே பேர். அப்பாவின் நாற்காலியில் நான். தங்கை இடப்பக்கம், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு. சாதத்தைப் பிசைந்து தருகிறேன், சாப்பிடுகிறாள். சிரிப்பதில்லை. “நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன், அண்ணா?” என்று நேற்றுக்கூடக் கேட்டாள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். நான் உறையை எடுத்ததைப் பார்த்துவிட்டு, “நானே கொடுத்துட்டு வரேன், நடந்து பழகணும்ல,” என்று கை நீட்டுகிறாள். ஒட்டி அவளிடம் கொடுத்துவிடுவேன்.

நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ‘படகை ஏற்றியவருக்கு வேலை தெரியாததால்’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.