குளிகையில் வந்த அடைப்பு

“டாய்லெட் அடைப்பு எடுக்கவும் நேரம் பாக்கணும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?”

திங்கட்கிழமைக் காலை. மாதாப்பூர் போகும் மெட்ரோவில், கழுத்தில் அடையாள அட்டையோடு என் பக்கத்தில் நின்ற பெண், தன் தோழியிடம் கேட்டாள்.

“ஏன், என்னாச்சு?”

“சனிக்கிழமை விடிஞ்சதும் அடைச்சுக்கிச்சு. கீழ்வீட்டுல பிளஞ்சர் வாங்கிட்டு வந்து இவர் ஆரம்பிக்கப் போறார், என் மாமியார் வாசல்லயே மறிச்சுட்டாங்க. குளிகையாம். அந்த நேரத்துல எதைச் செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்குமாம். அப்புறம் ஆயுசு பூரா அடைப்பு எடுத்துக்கிட்டே இருக்கணுமாம்.”

“ஆமா, அதுவும் சரிதான். அப்புறம்?”

“குளிகை முடியிற வரைக்கும் குடும்பமே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்திருந்தோம். முடிஞ்சதும் இவர் நாலு குத்து குத்தினார். சரியாப் போச்சு.”

தோழி கம்பியைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினாள்.

“ஆனா, அடைச்சுக்கிட்டதே குளிகையிலதானே?”

அவள் சட்டென்று போனை எடுத்தாள்.

“என்னங்க, அந்த பிளஞ்சரைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா? போய் மறுபடி வாங்கிட்டு வாங்க. இல்லைங்க, இன்னும் அடைக்கல.”