கசெட்டில் வராத ஓரம்

பல்கீஸ்: ...பதின்மூண்டு பேர், புள்ள. எண்ணின கணக்கு. பதின்மூண்டு கடற்கொள்ளைக்காரரையும் ஒத்தக் கையால வெட்டிச் சாய்ச்சுப்போட்டுத்தான் நான் கப்பல் விளிம்பால கடலுக்குள்ள குதிச்சனான்.

ராசமலர்: எட்டு வயசில.

பல்கீஸ்: எட்டு வயசில.

ராசமலர்: போன வருசம் ஒன்பது பேரெண்டு சொன்னனீ.

பல்கீஸ்: காயப்பட்டுக் கிடந்த நாலு பேர் பிறகு மௌத்தாப் போனாங்க.

ராசமலர்: எடி பல்கீஸ், உனக்கு எழுபத்தேழு வயசு. துறைமுக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில முப்பது வருசம் இருந்து பென்சன் எடுத்தவள். இன்னும் இந்தக் கதையே?

பல்கீஸ்: இண்டைக்குக் கதை இல்ல. படம். இரு... அந்தக் கதிரையில இல்ல, இதில. டீவிக்கு நேர.

ராசமலர்: கதவை ஏன் பூட்டினனீ?

பல்கீஸ்: வெயில்.

ராசமலர்: மத்தியானம் முழுக்கத் திறந்து கிடந்த கதவுக்கு நாலு மணிக்குத்தான் வெயில் அடிக்குதோ? இதென்ன கிண்ணம்?

பல்கீஸ்: வட்டிலப்பம்.

ராசமலர்: பெருநாளும் இல்லை, கலியாணமும் இல்லை. என்னட்ட என்ன வேணும் உனக்கு?

பல்கீஸ்: முதல்ல தின்னு. கணக்கு டீச்சருக்கு வட்டிலப்பத்திலயும் சந்தேகம்!

ராசமலர்: ...நல்லாத்தான் இருக்கு. அதுதான் பயமாக் கிடக்கு.

பல்கீஸ்: மருமகன் நஸ்ரி லண்டனில இருந்து அனுப்பினது. எங்கட துறைமுகத்தில ஐம்பத்தாறில வெள்ளைக்காரன் பிடிச்ச அதே கொள்ளைக்காரப் படம். புது டிஸ்க். பத்துக் கோடித் துண்டு பிலிம், ஒவ்வொண்டாக் கழுவித் துடைச்சு, கீறல் எடுத்து, மங்கின நிறத்தையெல்லாம் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறாங்க.

ராசமலர்: பத்துக் கோடியோ? செக்கனுக்கு இருபத்திநாலு. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டே முக்கால் லட்சம்கூட வராது.

பல்கீஸ்: ரெண்டு பக்கமும் கழுவினாங்களாம்.

ராசமலர்: ...ஆர் ஆர் பாத்தது இதை?

பல்கீஸ்: நான் மட்டும். அஞ்சு தரம்.

ராசமலர்: வேற ஒருத்தரும் பாக்கேல்லையோ?

பல்கீஸ்: ஏன் கேக்கிறாய்?

ராசமலர்: சும்மா... சும்மாதான் கேட்டனான். போடு, போடு. எனக்கு அஞ்சரைக்குப் போகவேணும்.

பல்கீஸ்: பார்! பார் அந்தக் கடலை! இப்பிடியொரு நீலத்தை நீ எங்கயாவது பாத்தனீயா?

ராசமலர்: இது கோணேசர் மலையெல்லே! கீழ என்ன எழுதிக் கிடக்கு... கரிபியன் தீவாம். அட பாவிகளே.

பல்கீஸ்: கதாநாயகன்ட மீசையைப் பார். ஒரு பக்கம் கப்பல் எரியுது, ஒரு பக்கம் பீரங்கி வெடிக்குது, மீசையில ஒரு மயிர் அசையல்ல.

ராசமலர்: சட்டையும் கசங்கேல்லை. இவ்வளவு சண்டைக்கு... பொறு, பொறு. நிப்பாட்டு. அந்தத் தடியன்ர கையில என்ன?

பல்கீஸ்: வாள்.

ராசமலர்: மற்றக் கையில, எடி. மணிக்கூடு! கொள்ளைக்காரன் மணிக்கூடு கட்டியிருக்கிறான்! பத்து இருபது... பத்து இருபத்திரண்டு.

பல்கீஸ்: பாத்தியா? முந்தி மணிக்கூடு இருந்த இடத்தில வெறும் மங்கல்தான் இருந்தது. இந்த டிஸ்க் ஒண்டையும் ஒளிக்காது, ராசமலர். ஒண்டையும்.

ராசமலர்: ...ஏன் அதை என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுறாய்?

பல்கீஸ்: வேற ஆர் இஞ்ச இருக்கிறா?

ராசமலர்: எண்பத்திரண்டில வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கைச் சனத்தை முழுக்கக் கூட்டி வச்சு இதே படத்தைப் போட்டனீ. கடைசி வரைக்கும் படத்தில நீ வரேல்லை. அண்டைக்குப் பட்ட வெட்கம் காணாதோ?

பல்கீஸ்: அண்டைக்குத்தான் ஹிஸ்புல்லா எனக்குக் 'காணாமல்போன நட்சத்திரம்' எண்டு பேர் வச்சான். நாளைக்குப் பென்சன்காரர் சங்கத்தில இதைப் போடப்போறன். தலைவர் ஆர்? அவனேதான்.

ராசமலர்: உனக்கென்ன விசரே?

பல்கீஸ்: கேளு. அந்தக் காலத்து டீவி சதுரம். படம் நீளம். கசெட்டில போடேக்க ரெண்டு கரையையும் வெட்டிப்போட்டானுகள். நான் நிண்டது இடது கரை. டிஸ்க்கில முழுசாக் கிடக்கு. வெட்டுப்படாத கரை!

ராசமலர்: நான் பாக்கத் தேவையில்லை.

பல்கீஸ்: இன்னும் வரவேயில்ல, அதுக்குள்ள எழும்புறாய்?

ராசமலர்: நஸ்ரி உன்னைச் சந்தோசப்படுத்த கொம்பியூட்டரில ஒட்டியிருப்பான். இப்ப ஆரையும் எதிலையும் ஒட்டலாம். போன கிழமை போனில ஒரு பூனை நிண்டு புட்டு அவிக்குது.

பல்கீஸ்: நஸ்ரிக்குத் தன்ட சட்டைக்குப் பொத்தான் ஒட்டவே தெரியாது. இரு, ராசமலர். எனக்கு ஒரு சாட்சி வேணும். தலைமயிரைத் தொப்பிக்குள்ள செருகின எட்டு வயசுப் பொடியனைப் பாத்து, இது பல்கீஸ்தான் எண்டு சொல்ல இண்டைக்கு உசிரோட இருக்கிற ஒரே ஆள் நீதான்.

ராசமலர்: நான் அங்க இருக்கேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? சாம்பல்தீவில பெரியம்மா வீட்டில காய்ச்சலாக் கிடந்தனான்.

பல்கீஸ்: ஓம். வாப்பா வந்து கேட்டப்பவும் அதைத்தான் சொன்னனீ. நனைஞ்சு நடுங்கிக்கொண்டு நான் வாசலில நிக்கிறன். "ராசமலரும் என்னோட வந்தவள், அவளிட்டக் கேளுங்க" எண்டன். கேட்டாரு. அண்டையில இருந்து நான் புளுகி.

ராசமலர்: நீ புளுகிதானே.

பல்கீஸ்: பிறகுதான் ஆனனான்! எப்பிடியும் நம்பமாட்டாங்க, அப்ப பெருசாச் சொல்லுவம் எண்டு. ஆனா எக்ஸ்சேஞ்சில இருந்து "எண்ணெய்த் தாங்கிப் பக்கம் புகை வருது சேர்" எண்டு நான் கத்தினா, மனேஜர் முதல்ல யன்னலால எட்டிப் பாத்திட்டுத்தான் மணி அடிப்பாரு. மெய்யாத் தீப்பிடிச்ச நாளிலயும் பாத்தவரு. முப்பது வருசம், ராசமலர். நான் மௌத்தாகமுந்தி ஒரு தரம், ஒரே ஒரு தரம், நான் சொன்னது மெய் எண்டு ஒருத்தர் எழும்பிச் சொல்லவேணும்.

ராசமலர்: கண்ணுக்குள்ள ஏதோ தூசி.

பல்கீஸ்: சரி, அழாதே. படத்தைப் பார். இந்தா, மூண்டு பாய்மரக் கப்பல் வருது. வடிவா?

ராசமலர்: மூண்டு எங்க? ரெண்டுதான் மரம். பின்னால நிக்கிறது மட்டைக்குச் சாயம் பூசினது. சாயம் காயக்கூட இல்லை, கையெல்லாம் ஒட்டினது.

பல்கீஸ்: ஆர்ட கை?

ராசமலர்: ஆரோ... ஆரோ சொன்னவை.

பல்கீஸ்: சாம்பல்தீவிலயா? காய்ச்சலுக்குள்ளயா?

ராசமலர்: படத்தில தெரியுதுதானே!

பல்கீஸ்: இவ்வளவு துடைச்சும் சாயம் ஈரமெண்டு படத்தில எழுதியா கிடக்கு? சரி, விடு. வருது... வருது... இந்தா! நிப்பாட்டிப்போட்டன். இடது கரை. பீப்பாக்குப் பக்கத்தில, தொப்பியோட. ஆர் அது?

ராசமலர்: ...கால் ரெண்டும் ஈர்க்கில் மாதிரி.

பல்கீஸ்: ஆர் அது?

ராசமலர்: ஆரோ ஒரு பொடியன்.

பல்கீஸ்: கண்ணாடியைப் போடு.

ராசமலர்: போட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

பல்கீஸ்: அப்ப மெதுவா ஓட விடுறன். பொடியன் விளிம்பில நிக்கிறான்... வாளைத் தூக்கிறான்... விழுறான். பாத்தியா? எப்பிடி விழுறான்? குதிச்சா முழங்கால் மடங்கும். இவன்ட முதுகு முன்னால வளையுது.

ராசமலர்: நிப்பாட்டு.

பல்கீஸ்: இன்னும் ஒண்டு கிடக்கு. பீப்பாக்குப் பின்னால—

ராசமலர்: நிப்பாட்டு எண்டு சொன்னனான், பல்கீஸ்!

பல்கீஸ்: நிப்பாட்டிப்போட்டன். சின்னக் கை ரெண்டு. உள்ளங்கையில கறுப்புச் சாயம்.

ராசமலர்: ...இதுக்குத்தான் கதவைப் பூட்டினனீ.

பல்கீஸ்: இதுக்குத்தான் பூட்டினனான். நாளைக்குச் சங்கத்தில திடீரெண்டு நீ இதைக் காணக்கூடாது எண்டுதான்.

ராசமலர்: எப்ப தெரியும் உனக்கு? இந்த டிஸ்க் வந்த பிறகோ?

பல்கீஸ்: முதுகில கை பட்ட நேரமே தெரியும். உன்ட கை எப்பவும் குளிர்தானே.

ராசமலர்: அறுபத்தொன்பது வருசமாத் தெரிஞ்சுகொண்டு... ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ? வாப்பாவுக்குமோ?

பல்கீஸ்: சொல்லியிருந்தா உன்ட அப்பா உன்னை உசிரோட விட்டிருப்பாரா? குதிச்சனான் எண்டு சொன்னனான். ஏன் குதிச்சாய் எண்டு கேட்டாங்க. கொள்ளைக்காரன் துரத்தினான் எண்டன். எத்தினை பேர் எண்டு கேட்டாங்க... பிறகு அது தன்பாட்டில வளர்ந்திட்டு.

ராசமலர்: பல்கீஸ்...

பல்கீஸ்: இப்ப கேளு. நாளைக்கு அந்தக் கை வாற இடத்தில நான் டீவிக்கு முன்னால எழும்பி நிண்டு சீலையைச் சரிசெய்வன். என்ட இடுப்புக்குப் பின்னால கொள்ளைக்காரக் கப்பலே மறையும், ரெண்டு கை மறையாதா? நீ ஒண்டும் சொல்லவேணாம். பொடியனைப் பாத்து, இது பல்கீஸ் எண்டு மட்டும் சொல்லு. ஹிஸ்புல்லாட வாய் மூடினாக் காணும்.

ராசமலர்: நான் அங்க இருக்கேல்லை எண்டெல்லே ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கிறன். எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினமே?

பல்கீஸ்: கேப்பாங்க. அதுக்கொரு பொய் இப்பவே செஞ்சு வைப்பம். எனக்கு அதில நல்ல பழக்கம்.

ராசமலர்: வேண்டாம்.

பல்கீஸ்: நல்லதொண்டு கிடக்கு. நீ பெரியம்மாவோட மீன் வாங்க வந்த—

ராசமலர்: வேண்டாமடி. நீ இருந்த இடத்தில இரு, டீவிக்கு முன்னால வராதே. எழும்பி நிக்கப்போறது நான். ஓம், நடந்தது. பல்கீஸ் அந்தக் கப்பலில நிண்டவள், நானும் அவளோட ஏறினனான். வெள்ளைக்காரன் அவளைப் படத்துக்கு எடுத்துப்போட்டு என்னைப் பீப்பாக்குப் பின்னால போய் நில் எண்டவன். எரிச்சல் தாங்காமல் தள்ளினனான். தள்ளிப்போட்டு எண்ணினனான். முப்பத்தெட்டு வரைக்கும் நீ மேல வரேல்லை. உன்ர தலையைக் கண்டது முப்பத்தொன்பதில. எல்லாம் நடந்தது எண்டு ஹிஸ்புல்லாவுக்கு முன்னாலயே சொல்லுறன். பதின்மூண்டு பேரை மட்டும் நான் காணேல்லை.