பதினேழாம் கயிறு

வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி... பட்டப்பகலில் என்ன பேய் என்று சிரிக்காதீர்கள். முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற றிஷானா, உங்களுக்கும்தான் சொல்கிறேன். ஓர்ஸ் ஹில்லிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் பாதையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிற ஒரே ஒருவர் நடந்து போகிறார். இங்கே உங்களோடு கதை கேட்கிற எங்கள் ஜெயரூபியின் சித்தப்பா, பிரகலாதன்.

கப்பலில் வரும் உரத்தைக் கிடங்குக்கு ஏற்றுகிற நீண்ட பெல்ட்டில் அவருக்கு வேலை. பெல்ட் ஓரமாக நாற்பது கயிறுகள். ஆபத்தென்றால் எதை இழுத்தாலும் பெல்ட் நிற்க வேண்டும். காலையில் பிரகலாதன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வைப்பார். பிறகு கூட வேலை செய்யும் அன்ஸார் மறுபடி இழுத்துப் பார்த்து, பக்கத்தில் தன் கையெழுத்தை வைப்பார். இரண்டு பேர் பார்த்தால் பிழை தப்பாது என்று அந்த முறையை வகுத்தவர்கள் நினைத்தார்கள். அந்த இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதர்களாக இருந்தால்...? அதை யாரும் யோசிக்கவில்லை.

போன வருசம் ஒரு வெள்ளி. பிரகலாதனுக்குக் காய்ச்சல். பதினைந்தாம் கயிற்றோடு உட்கார்ந்துவிட்டார். மிச்சத்துக்குச் சும்மா கையெழுத்து வைத்தார், அன்ஸார் பார்ப்பான்தானே என்று. அன்ஸாருக்கோ ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"எல்லாத்தையும் இழுத்துப் பாத்தியா மச்சான்?"

"ஓமடா. நீ கையெழுத்த வச்சிட்டுப் போ."

அன்ஸார் அத்தர் மணக்கத் திரும்பி வந்தார். ஒன்று இருபதுக்கு அவர் சட்டைக் கை உருளையில் மாட்டியது. பதினேழாம் கயிற்றை இழுத்தார்... இழுத்தார்... பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்ஸாரின் சாவை விசாரிக்க வந்தவர்கள் இரண்டு கையெழுத்தையும் பார்த்தார்கள். கயிறு பிறகுதான் பழுதானது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிரகலாதன் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒன்று இருபதுக்கு... டக். பெல்ட் நிற்கும். கட்டுப்பாட்டுப் பலகையில் பதினேழாம் விளக்கு எரியும். உர நெடிக்கு நடுவே அத்தர் வாசம். சுவிட்சை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். கடைசியில் அந்தக் கயிற்றையே கழற்றி எடுத்துவிட்டார்கள்.

கழற்றிய பிறகு வந்த முதல் வெள்ளிதான் நான் சொன்ன வெள்ளி. ஒன்று இருபது. எல்லோரும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டக்.

"நான் பாக்கேல்லையடா அன்ஸார்... பொய் சொல்லிட்டன்" என்று பிரகலாதன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அழுதபடியே கொப்பியைத் திறந்தார். கயிறே இல்லாததால் காலையில் பதினேழுக்கு நேரே அவர் ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய இடம் வெறுமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் அன்ஸாரின் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

இருபது வருசம் சேர்ந்து வேலை செய்தவர்கள். பிரகலாதனின் கையெழுத்தைப் பார்க்காமல் அன்ஸார் ஒருநாளும் தன் கையெழுத்தை வைத்ததில்லை.

அன்றைக்கு அவர் காத்திருக்கவில்லை.