கொட்டகைச் சாவி

சாவி கழுத்துல தொங்குது, பாக்குறீங்கள்ல? தர மாட்டேன். அப்பா சொல்லித்தானே வந்தீங்க? ஞானத்தகப்பன் வாய் தெறந்து கேட்டா இந்த ஊர்ல எவளும் மாட்டேன்னு சொன்னதில்லன்னு அவருக்குத் தெரியும். அதான் உங்கள அனுப்பிட்டு அங்க உக்காந்து ராக்கியா சாராயம் குடிச்சிட்டிருக்காரு. என்னைத் தூக்கி ஞானஸ்நானத் தொட்டியில முக்குனவரு நீங்க, சரி. அப்ப நான் கத்துனேனாமே, அம்மா சொல்லுவாங்க. இப்பவும் கத்துவேன்.

நின்னா நில்லுங்க. இல்ல, அந்த மக்காச்சோள மூட்டை மேல உக்காருங்க.

நாளைக்கு இந்தத் தீவனக் கொட்டகையத் தெறந்து பழையபடி சோயாவ அள்ளிக் கொட்டணும், அதானே அவருக்கு? கொட்டுனா என்ன ஆகும்? பன்னியோட சின்னக்குடல் எடுத்துக்கிறத எடுத்துக்கும். மிச்சப் புரதம் பெருங்குடலுக்குப் போயி அங்க கெடந்து புளிக்கும். அப்புறம் பால்குடி மறந்த குட்டிங்க எல்லாம் தண்ணியாப் பேதியாகும். போன வருசம் கூட்டி அள்ளுனது யாரு, அப்பாவா? நான்தான்.

ஆமா, அவரும் சோயாவக் கொறச்சுப் பாத்தாரு. யாரு இல்லேன்னா? கொறச்சாரு, பதிலுக்கு ஒண்ணும் போடல. குட்டிங்க விலா தெரிய நின்னுச்சு. பக்கத்து வீட்டு மிலுட்டின் வேலிக்கு மேல எட்டி அப்பாவப் பாத்து, என்ன ஷிவோயின், வேட்டை நாய் வளக்குறியான்னு கேட்டான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இன்னிக்கு வரைக்கும் சோயா சோயான்னு சாவுறாரு.

புரதம்னா ஒரே பொருள் இல்ல, ஞானப்பா. உள்ள அமினோ அமிலம்னு பலது இருக்கு. அதுல லைசின்னு ஒண்ணு பன்னிக்கு எப்பவும் பத்தாது. அது பத்தலைன்னா மத்தது எவ்வளவு இருந்தும் வீண். நீங்க ஃபுட்பால் பாப்பீங்கள்ல? கோல்கீப்பர் இல்லாத டீமுக்கு இன்னும் நாலு ஃபார்வர்டு சேத்தா ஜெயிச்சிருமா? அப்பா ஃபார்வர்டாச் சேக்குறாரு. நான் சோயாவக் கொறச்சு, லைசினையும் அது கூடப் போறதுகளையும் அளந்து கலக்குறேன். இதோ, இந்த வெள்ளைப் பொடி. மருந்து இல்ல, மந்திரமும் இல்ல.

சிரிக்காதீங்க. பள்ளிக்கூடத்த விட்டவ பாடம் எடுக்குறாளேன்னுதானே? எடுப்பேன். அந்தப் பக்கம் போயி குட்டிங்க பின்பக்கத்தப் பாருங்க. காஞ்சிருக்கா? வயிறு நெறஞ்சு தூங்குதா? எடை போட்டும் பாருங்க, மிலுட்டின் பன்னிக்கு ஒண்ணும் கொறையாது. கழிவுக் குழிப் பக்கம் போயி மூச்ச இழுத்துப் பாருங்க. கண்ணு எரியாது இப்ப. உடம்புக்கு மிஞ்சுன புரதந்தான் மூத்திரத்துல போயி அந்த நாத்தமாகுது.

என்னது? அப்பா மனசு நோகுமா? நோகட்டும். உங்க பேச்சத் தட்டுனா பாவமா? பாவந்தான். பாதிரியார்கிட்ட நானே போயிச் சொல்லிக்கிறேன். சாவி மட்டும் வராது.

இவ்வளவு பிடிவாதம் எதுக்குன்னா... பெருசா ஒண்ணுமில்ல. செப்டம்பர்ல தங்கச்சி நெவெனா ஒண்ணாங்கிளாஸ் போறா. அதே டவுன் பஸ்தான். நான் படிச்சப்ப, பஸ்ல ஏறுனா ஜன்னலத் தெறப்பாங்க, ஞானப்பா. பனி கொட்டும், அப்பவும் தெறப்பாங்க. தலைய எத்தன தடவ அலசுனாலும் பன்னி நாத்தம் போகாது. பக்கத்துல எவளும் உக்கார மாட்டா. என் தங்கச்சி பக்கத்துல யாராவது உக்காரணும், அவ்வளவுதான்.

வீட்ல இதச் சொல்லாதீங்க. எனக்குப் படிப்பு ஏறலைன்னுதான் அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.