மூன்றாவது கதவு

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். நன்றாகச் சாத்துங்கள்... ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

இது என் நண்பனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. ரயில் ஓட்டுநர். ஓட்டை உடைசல் வண்டி என்று நினைக்காதீர்கள். புத்தம் புது டீசல் ரயில்கள், மொத்தம் பன்னிரண்டு. இரண்டே பெட்டி, ஏசி, தானாக மூடும் கதவு. பின்னால் கொடி காட்டும் கார்டு கிடையாது. கதவு மூடுவதிலிருந்து வண்டி ஓட்டுவதுவரை எல்லாம் இவர் ஒருவர்தான். ஒரு நிமிஷம் பிந்தினாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. டிப்போவில் அவர் பெயரே ‘நிமிஷம்’.

மாலை ஆறு இருபது. மழை. சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாத நிறுத்தம்... ஒரு விளக்கு, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். கதவு மூடும் பட்டனை அழுத்தினார். பீப்... பீப்... பீப். மூன்றாவது கதவுக்கு மட்டும் பச்சை விளக்கு வரவில்லை. அது வராமல் வண்டி நகராது. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நான்கு நிமிஷம் தாமதம்.

மழை பெய்தால் அந்தக் கதவுகள் மக்கர் பண்ணும். அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. போட்டால் கதவு எப்படி இருந்தாலும் வண்டி கிளம்பும். கம்பி கட்டி முத்திரை வைத்திருப்பார்கள். உடைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் எழுதுகிறார்கள்? ஓட்டுநர்கள் எல்லார் சட்டைப் பையிலும் ஒரு புது முத்திரை இருக்கும்.

உடைத்தார். கிளப்பினார்.

பின்னால் டப்... டப்... டப் என்று யாரோ கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. அடுத்த ஸ்டேஷனில் புது முத்திரையை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை அந்த நிறுத்தத்துக்குக் கொஞ்சம் அப்பால் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பெண் கிடந்தாள். உயிர் இல்லை. வலது கை விரல்கள் நசுங்கியிருந்தன.

“கதவெல்லாம் மூடித்தான் சார் இருந்துச்சு” என்றார் விசாரணையில், வாய் கூசாமல். முத்திரை அப்படியே இருந்ததால் நம்பிவிட்டார்கள். வீட்டில் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதார்.

“போய் ஒத்துக்கிட்டு வந்துடுங்க. பிள்ள இருக்கிற வீடு இது.”

“ஒத்துக்கிட்டா வேலை போயிடும்டி. ஜெயில்தான். பாப்பா நாலு வயசு... அவளை யார் பார்த்துப்பா?”

அடுத்த வாரம் அதே நிறுத்தம். பீப்... பீப்... பீப். மூன்றாவது கதவு மூடவில்லை. இந்தமுறை இறங்கி ஓடினார். கதவில் ஒன்றுமில்லை. ஈரத்துணி வாடை மட்டும் குப்பென்று அடித்தது. அவர் விலகி நின்றதும் கதவு மூடிக்கொண்டது.

வேறு வண்டி கொடுத்தார்கள். அதிலும் மூன்றாவது கதவு. பன்னிரண்டு வண்டியும் மாற்றியாயிற்று. மற்ற ஓட்டுநர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மெக்கானிக் சிரித்தான். “அண்ணே, வண்டில ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மட்டும்தான் இப்படி. யாரையாச்சும் ஏத்தாம விட்டுட்டு வந்தீங்களா?”

விளையாட்டுக்குத்தான் கேட்டான். இவர் அன்றைக்கே, இனி ஓட்டுவதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டிப்போ ஆபீசில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாசம் நிம்மதி. ஒத்துக்கொள்ளும் பேச்சையும் மறந்தாயிற்று.

பிறகு ஒருநாள் நல்ல மழை. வேலை முடிந்து வீட்டுக்குள் வந்து வாசல் கதவைத் தள்ளினார். மூடவில்லை. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். ம்ஹூம்... ஈரத்துணி வாடை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருபது.

சோபாவில் இருந்த பாப்பா கத்தினாள்.

“அப்பா, தள்ளாதீங்க! அத்தை கை நசுங்குது!”

கை தானாக விலகியது. கதவு மெதுவாக, தானே மூடிக்கொண்டது.

பாப்பா பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.