கழட்டின கம்பி

— உட்காரவெல்லாம் வரலண்ணே. உன் புத்திமதியைக் கேட்டு என் வேலை போயிடுச்சு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

— என்னடி உளர்றே? ஒரு புகார் எழுதினதுக்கா வேலையை விட்டுத் தூக்குவாங்க?

— தூக்கிட்டாங்க. பத்து வருஷமா அந்த லாண்டரியில ஆவியிலயே வெந்திருக்கேன். இன்னைக்கு கேட்லயே நிறுத்தி அடையாள அட்டையைப் பிடுங்கிட்டாங்க. "மொட்டைக் கடுதாசிக்கு மதிப்பில்ல, பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடு"ன்னது யாரு?

— நான்தான். அதுல என்ன தப்பு? துணி தேய்க்கிற மெஷின்ல, கை பட்டா மெஷினை நிறுத்தற தடுப்புக் கம்பி இல்லாம, உன்கூட வேலை செய்யற அந்தப் பொண்ணு கை பொசுங்கிப் போச்சு. யாராவது கேட்கணுமா இல்லையா?

— அந்த யாராவது நீயா இருக்கக் கூடாதா? அங்கேயே மெக்கானிக்கா இருக்கே. கூட ஒரு கையெழுத்துப் போடுன்னா, "எனக்குக் குடும்பம் இருக்கு"ன்னே. நான் மட்டும் என்ன, மரத்துல காய்ச்சேனா?

— கத்தாதே. உள்ள உங்கண்ணி தூங்கறா.

— எழுந்திருச்சு வந்து கேட்கட்டும்! புருஷன் லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்!

— சரி, ஆனது ஆச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு…

— அம்மாடி! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? படிப்பை நிறுத்துன்னே, நிறுத்தினேன். இந்த வேலைக்கு வான்னே, வந்தேன். கேட்டுக் கேட்டு என் காதே புண்ணாயிடுச்சு.

— மேனேஜர் என்னதான் சொன்னார்?

— கேட்ல வச்சே ஒரே கேள்விதான். "கம்பியைக் கழட்டினது யாரு? பேரைச் சொல்லு, நாளைக்கே வேலைக்கு வா. மறைச்சா வெளியில போ"ன்னார்.

— நீ… என்ன சொன்னே?

— தெரியாதுன்னேன்.

— போன மாசம் வேலையை விட்டுப் போனாரே, அந்தப் பெரியவர் பேரைச் சொல்லிடு. அவரும் மெக்கானிக்தானே, நம்பிடுவாங்க. ஆளு ஊரைவிட்டே போயாச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகாது.

— சீ! சொல்ல வாய் கூசல? பண்ணாத மனுஷன் தலையில பழியைப் போடச் சொல்றியா?

— அவர் பண்ணலன்னு உனக்கு எப்படித் தெரியும்? சும்மா பாவ புண்ணியம் பேசாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— என் நல்லதுக்கா? அந்தக் கம்பி மெஷினை அடிக்கடி நிறுத்துது, வேலை ஓடலன்னு எல்லாரும் உன்னைப் பிடுங்கி எடுத்தாங்கல்ல? அன்னைக்கு சாப்பாட்டு நேரத்துல, அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னால காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நீ ஸ்பேனரோட வந்தே.

— ரெண்டு நாள்ல மாட்டிடலாம்னுதான்டி…

— "என்னண்ணே செய்யறது"ன்னு உன்கிட்ட யோசனை கேட்டேனே, எனக்கு வழி தெரியாமலா கேட்டேன்? நீயே போய் ஒத்துக்குவேன்னு நினைச்சுக் கேட்டேன். இன்னைக்கு வேலை போனது புகார் எழுதினதுக்கு இல்லண்ணே, உன் பேரைச் சொல்லாததுக்கு.